மெர்சி அப்பாவுக்கு ஆகாத வெயில்

மே 2, வெள்ளி

கத்திரி இன்னும் தொடங்கவே இல்லை என்கிறது காலண்டர். காலையிலேயே கான்வென்ட் பள்ளிக்கூட ஆபீஸ் இரும்பு பீரோவில் கை வைக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு லீவு. கிளார்க்குக்கு ஏது லீவு? அட்மிஷன் வேலை, பழைய சம்பளப் பில். ஃபேன் சுற்றுகிறது, காற்று அனல்.

வாங்க வேண்டியது: உளுந்து, சோப்பு, பானைக்குப் புது மூடி. எலுமிச்சை விலை கேட்டேன், திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டேன்.

வெல்டிங் வேலை பார்க்கிற மெர்சி அப்பாவுக்கு மட்டும் நல்ல காலம். மொட்டைமாடிக்குத் தகரக் கூரை போட ஆள் வேண்டும் என்று போன் மேல் போன். வெயில் கூடினால் அவருக்கு வேலை கூடும். சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே, "இன்னும் ஒரு மாசம் இப்படியே அடிச்சுதுன்னா நம்ம பாப்பா நர்சிங் சேர்ந்துரும்டி" என்றார். நானும் சிரித்தேன். மெர்சிதான் சிரிக்கவில்லை. "வெளிய நின்னு பாருப்பா, அப்புறம் சொல்லு."

மே 5, திங்கள்

வெயில். வேறென்ன எழுத.

இன்று கோச்சடையில் வேலை ஆரம்பம். ஓய்வு பெற்ற பேங்க் ஆபீசர் வீடு. அவர் மனைவிக்கு இதயக் கோளாறு, சூடே ஆகாதாம். மாடி அறையில் ஏசி ஓடினாலும் மேல்தளம் கொதிக்கிறது. கூரை வந்தால்தான் அந்த அம்மா அங்கே படுக்க முடியும். சீக்கிரம் முடியுங்கள் என்று சார் கெஞ்சுகிறாராம்.

விடிந்ததும் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடுவதுதான் மெர்சி அப்பாவின் திட்டம். பக்கத்து அபார்ட்மெண்டில் விடவில்லை. கட்டிங் மெஷின் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று ஒரே சண்டை. ஒன்பதுக்கு மேல்தான் தொடங்க வேண்டுமாம். அப்படியென்றால் நடு வெயிலில்தான் முழு வேலையும்.

"மத்தியானம் இறங்கி நெழல்ல உக்காருங்க" என்றேன்.

"இறங்கி இறங்கி ஏறுனா எப்பத்தான் முடிக்கிறது? நான் பார்க்காத வெயிலா?"

தலைக்குத் துண்டு, தண்ணீர் கேன், உப்பு போட்ட மோர். எல்லாம் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

மே 9, வெள்ளி

பெரியாஸ்பத்திரி வராண்டா. எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் முருகன் போன். இவரோடு வேலை பார்க்கிற தம்பி. "மதினி, அண்ணே ஒரு மாதிரி பேசுறாரு, சீக்கிரம் வாங்க." பின்னால் யாரோ "தண்ணி, தண்ணி" என்று கத்துகிற சத்தம். நான் போவதற்குள் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், எங்களால் ஆகாது என்றார்கள், அதற்கும் ஒரு பில். ஆம்புலன்ஸ். மெர்சி என் கையைப் பிடித்தபடி ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

முருகன் சொன்னது: "காலைலருந்தே கோவமா இருந்தாரு மதினி. ராடு கேப்பாரு, குடுத்தா இது என்னன்னு தூக்கி எறியுறாரு. இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுறாரு. தொட்டுப் பார்த்தா உடம்பு கொதிக்கிது, ஒரு சொட்டு வேர்வ இல்ல. மாடிக் குழாயத் திறந்து தலைல புடிச்சேன் மதினி. டேங்க் தண்ணி. அது வெந்நியா கொதிச்சு வருது. நானே அவரு மேல வெந்நிய ஊத்திட்டேன்."

கோச்சடை அம்மாதான் ஃபிரிட்ஜில் இருந்த ஐஸையெல்லாம் கொண்டு வந்து கொட்டினாராம். இதயம் சரியில்லாத மனுஷி, மாடிப்படி ஏறி.

டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கறுப்பு. "சூடு மூளையத் தாக்கியிருக்கும்மா. கிட்னியும் வேலை செய்யல. டயாலிசிஸ் பண்றோம். இந்த வாரம் இந்த மாதிரி நிறைய பேர் வாராங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாரோ என்னவோ.

மே 12, திங்கள்

நினைவு இல்லை. கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள், பிடுங்கி எறிகிறாராம்.

பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தர். மல்லிகைத் தோட்டத்தில் களை எடுக்கப் போய் விழுந்தவர். அவர் புருஷன் வராண்டாவில் என் பக்கத்தில் துண்டு விரித்திருக்கிறார். இட்லி வாங்கப் போனால் எங்களுக்கும் சேர்த்து வாங்கி வருவார். இன்று அவராகவே சொன்னார்:

"ரெண்டு ஆட்டையும் வித்துட்டேன் தாயி. ஆஸ்பத்திரி ஒத்தப் பைசா வாங்கல, பொய் சொல்லக் கூடாது. போக வர, திங்க, மகன் வேலைய விட்டுட்டு வந்து உக்கார, நான் வேலைய விட்டுட்டு வந்து உக்கார. அதுக்குத்தான் அம்புட்டும் போச்சு."

சாயங்காலம் அந்த அம்மா இறந்துபோனார். அவர் புருஷன் அழவில்லை. துண்டை உதறி மடித்தார். "வாரேன் தாயி, வீட்டுக்காரரப் பார்த்துக்க." அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் கட்டிலைத் துடைத்து வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

மே 20, செவ்வாய்

கண் திறந்தார். என்னைத் தெரிகிறது. மெர்சியைத் தெரிகிறது. ஆண்டவருக்கு நன்றி.

கிட்னி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறதாம். டயாலிசிஸ் இனி வேண்டியிருக்காது என்றார்கள். மெர்சி வராண்டாவிலேயே குதித்துவிட்டாள்.

பேச்சுத்தான். நாக்கு தடித்துப்போன மாதிரி, இழுத்து இழுத்து. டம்ளரை வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில்.

மே 23, வெள்ளி

வார்டில் இன்று நடக்க விட்டுப் பார்த்தார்கள். கப்பலில் நடக்கிற மாதிரி. இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். பழையபடி வேலை செய்வாரா? வெல்டிங். உயரத்தில் ஏறுகிற வேலை.

"உயரமா?" என்றார். பிறகு ஃபைலைப் புரட்டினார். "நடை, பேச்சு, கை நடுக்கம் எல்லாத்தையும் பார்த்துக்கிற இடத்துல சேதம்மா. பயிற்சி குடுத்தா கொஞ்சம் தேறும். முழுசா எதிர்பார்க்காதீங்க. இன்னொண்ணு, இனிமே இவரு உடம்பு சூடு தாங்காது. அடுத்த தடவை இப்படி வந்தா காப்பாத்துறது கஷ்டம். குளிர்ச்சியான இடத்துல வச்சுக்கங்க."

சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். குளிர்ச்சியான இடம். வில்லாபுரத்தில், எங்கள் மாடி வீட்டில்.

மே 27, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாச்சு. மாடி போர்ஷன். மேலே வெறும் தளம். நாங்கள் இல்லாத நாளெல்லாம் ஜன்னல் சாத்தியிருந்ததால் கதவைத் திறந்ததும் அடுப்பு வாய் மாதிரி வீசியது. ஊருக்கெல்லாம் கூரை போட்டவர், எங்களுக்குப் போடவில்லை. வாடகை வீட்டுக்கு எதற்கு என்பார்.

மாடியில் சாக்கு பரப்பித் தண்ணீர் ஊற்றினோம், நானும் மெர்சியும். கொஞ்சம் குறைந்தது. சாயங்காலம் வீட்டு ஓனர் வந்தார். "தளம் ஊறிப் போயிரும்மா, பார்த்துச் செய்ங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவர் தளம், அவர் கவலை.

கீழ் போர்ஷன் காலியாகத்தான் இருக்கிறது. வாடகை நம்மால் ஆகாது. சேல்ஸ்மேன் ஒருவரிடம் ஏசி விலை, கரண்டு செலவு எல்லாம் விசாரித்தேன். கேட்டதோடு சரி.

சம்பளத்தில் லீவுக்குப் பிடித்தம். செயினை அடகு வைத்தது மெர்சிக்குத் தெரியாது. தெரிந்திருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், ஆபீசில் மூச்சு விட முடியவில்லை. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். விபத்துக் காப்பீடு என்று வருஷா வருஷம் அவர் கணக்கில் பிடிக்கிறார்கள். முருகன்தான் ஞாபகப்படுத்தினான்.

கவுண்டரில் இருந்த பெண் நன்றாகத்தான் பேசியது.

"மேலருந்து கீழ விழுந்தாங்களா மேடம்?"

"இல்லம்மா. மேலயே விழுந்துட்டாரு."

"ஷாக் அடிச்சுச்சா? வெல்டிங்னு சொன்னீங்களே."

"இல்ல. வெயில்."

கம்ப்யூட்டரைப் பார்த்தது. யாருக்கோ போன் போட்டது. "சாரி மேடம். வெயில் விபத்துல வராதாம். அது நோய்க் கணக்காம்."

திரும்பிப் பார்த்தால் அவர் ஏசிக்கு நேரே இருந்த நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக, பழைய மனுஷர் மாதிரி. கிளம்பலாமா என்றேன். "கொஞ்ச நேரம்" என்றார். காத்திருக்கிறவர்கள் மாதிரி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். செக்யூரிட்டி வந்து டோக்கன் இருக்கிறதா என்று கேட்கும்வரை.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். நின்றார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "அப்ப... கீழ விழுந்திருக்கணும்."

குடையை விரித்து அவர் தலைக்குப் பிடித்தேன்.

ஜூன் 9, திங்கள்

பெரியாஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிற நாள். ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன். இவர் ஏறக் கால் தூக்கித் தடுமாறினார், "தள்ளி உக்காருங்க" என்று உள்ளே இருந்தவரிடம் சொல்ல வாய் குழறியது. டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

"யக்கா, காலங்காத்தால தண்ணியப் போட்டுட்டு வாரவங்கள நான் ஏத்துறதில்ல. பொம்பளைங்க உக்காந்திருக்காக."

வாழ்க்கையில் குடிக்காத மனுஷர். கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள், சாமியாரு என்று. நடுரோட்டில் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. உள்ளே இருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், விடு என்பது போல.

டிரைவர் பிறகு இறங்கி வந்து, "தெரியாம சொல்லிட்டேன்க்கா, ஏறுங்க" என்றான். இவர் ஏறவில்லை. வீட்டுக்கே திரும்பி நடந்தோம். நான் குடை பிடித்து, அவர் என் தோளைப் பிடித்து. இன்று பயிற்சி போச்சு.

இனிமேல் பஸ், ஆட்டோ எதற்கும் அவர் வர மாட்டாராம்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்கு நான் மட்டும். அவரைப் பற்றி நிறைய பேர் கேட்டார்கள். பதில் ஒன்றையே சொல்லிச் சொல்லி அது ஏதோ வேறு வீட்டுக் கதை மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் முருகன் வந்தான். கோச்சடைக் கூரையை அவனே ஆள் வைத்து முடித்துவிட்டான். அந்த அம்மா இப்போது மாடியில்தான் படுக்கிறாராம். சார் மிச்சப் பணத்தோடு ஹார்லிக்ஸும் பழமும் கொடுத்து விட்டிருந்தார். முருகன் பணத்தை அப்படியே என் கையில் வைத்தான். பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றான், பிறகு வாங்கிக்கொண்டான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

போகிற நேரத்தில் மெதுவாக, "அண்ணே, வெல்டிங் மெஷினு சும்மா கெடக்குல்ல. வாடகைக்கு எடுத்தா எனக்குக் கட்டுபடியாகல" என்றான்.

இவர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார். மாடிப்படிக்கு அடியில்தான் மெஷின். இரண்டு கம்பித் துண்டை எடுத்துத் தரையில் வைத்தார். ராடு மாட்டுகிற ஹோல்டரைப் பிடித்தார். கை ஆடியது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார். பொறி பறந்தது. அணைத்துவிட்டுப் பார்த்தால், பற்றவைத்தது ஒரு இடத்தில் மலை, ஒரு இடத்தில் ஓட்டை. கோடு எங்கெங்கோ போயிருந்தது.

முருகன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுத்துட்டுப் போ" என்றார். இவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து.

"காசு மாசா மாசம் குடுத்துர்றேண்ணே."

"எடுத்துட்டுப் போ மாப்ள."

ஜூன் 20, வெள்ளி

மழை வருவது போல மூடிக்கொண்டு, வராமலேயே போயிற்று. புழுக்கம் இன்னும் மோசம்.

மெர்சி ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன். திங்களிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம். சாப்பிடும்போதுதான் சொன்னாள், உப்பு கேட்கிற குரலில்.

"நர்சிங் சீட்டு?"

"இன்னைக்குத்தாம்மா கடைசி நாள். நீயும் பேசல, நானும் பேசல."

உண்மைதான். எனக்கும் தேதி தெரியும். காலையிலிருந்து தெரிந்துகொண்டேதான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வருசம் சேந்துக்கலாம்மா. அங்க நாள் முழுக்க ஏசி வேற."

இவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். பாதிச் சோறு அப்படியே.

ஜூன் 24, செவ்வாய்

ஹெச்.எம். சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். வேலை போகப் போகிறது என்றே நினைத்துவிட்டேன்.

"ஜெசிந்தா, கொடைக்கானல்ல எங்க சபைக்கு ஒரு வீடு இருக்குல்ல? கேட்டுல உக்கார ஒரு ஆள் வேணுமாம். கதவத் திறக்கணும், சாத்தணும், அவ்வளவுதான். சாப்பாடு, தங்க ஒரு ரூம். சம்பளம் ரொம்பக் கம்மிதான். உன் வீட்டுக்காரர் அருளுக்கு அந்தக் குளிர் நல்லதும்மா."

"நாங்களும் கூட..."

"ஒரு ஆளுக்குத்தாம்மா இடம். உனக்கும் இங்க வேலை இருக்குல்ல?"

எனக்கு இங்கே வேலை. மெர்சிக்கு இங்கே வேலை. சிஸ்டர் நல்லவர். நன்றி சொல்லிவிட்டு, டாய்லெட்டில் போய் நின்று அழுதேன். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை ஒன்று கதவைத் தட்டியது. முகம் கழுவி வந்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

அவரிடம் சொன்னேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன், என்னைய அனுப்புறீங்க?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. உடம்புக்குத்தான்."

"இங்கருந்தே சாவுறேன்."

மெர்சி அடுப்படிக்குள் போய்விட்டாள். நானும் பேச்சை விட்டுவிட்டேன். விடலாம் என்றுதான் முடிவு. எப்படியாவது இங்கேயே.

ஜூன் 28, சனி

முடிவு அவ்வளவுதான்.

பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்க கரண்ட் இல்லை. அரை நாள் ஆபீஸ் முடித்து வந்தால் கட்டிலில் கோணலாகக் கிடக்கிறார். கண் சிவந்து, உடம்பு கொதிக்க. என்னை "அக்கா" என்றார். அவருடைய அக்கா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். "அக்கா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

தெருக்கோடிக் கடைக்காரர் ஐஸ் கட்டியெல்லாம் அள்ளிக் கொடுத்தார். கீழ் போர்ஷன் சாவியை வீட்டு ஓனரே கொண்டு வந்து திறந்துவிட்டார். வெறுந்தரையில் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டு, விசிறியால் நானும் ஓனர் மனைவியும் மாறி மாறி வீசினோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சூடு இறங்கிவிட்டது. கொண்டு போய்ப் பார்த்தார்கள், இந்தத் தடவை தப்பித்தார் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது தானாகவே சொன்னார். "போறேன் ஜெசி."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று எட்டு மணி பஸ்ஸுக்கே வந்துவிட்டோம். முருகன் அவரை மலை மேலே கொண்டு விட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன் என்றான். ஒரு நாள் கூலி அவனுக்குப் போச்சு. கேட்டால் சண்டைக்கு வருகிறான்.

கொடுத்து விட்டது: மாத்திரை (வேளை வாரியாகப் பொட்டலம்), சர்ட்டு நாலு, லுங்கி, செபமாலை, முறுக்கு, பிடி உள்ள பெரிய டம்ளர், ரிப்போர்ட் ஃபைல்.

மெர்சி டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தோம். கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னார். பண்ணிவிட்டேன் என்றேன். பஸ் நகர்ந்தபோது கையை ஆட்டினார். ஆட்டினாரா, அது தானாக ஆடியதா, தெரியவில்லை.

அங்கிருந்து நேரே ஆபீஸ். லேட் மார்க் போடவில்லை சிஸ்டர்.

ஜூலை 3, வியாழன்

டி.சி. கேட்டு மூன்று பேர். ஸ்காலர்ஷிப் லிஸ்ட் பாதி. மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. யாரோ சிஸ்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் குரல் வழக்கத்தைவிட இழுத்தது, பல் தந்தியடிக்கிறது.

"ஜெசி... இங்க ரொம்பக் குளிருது."

போர்த்திக்கொள்ளச் சொன்னேன். என்ன இருக்கு போர்த்த, என்றார்.

வீட்டில் கம்பளியே கிடையாது. ஸ்வெட்டர் கிடையாது. மதுரையில் எதற்கு? எடுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.